பழைய காரின் ஐடிலிங் குலுங்குகிறதா? வாசலிலேயே சரிசெய்யும் வரிசை

எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில், ஐடிலிங் குலுங்குகிறது (அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது இன்ஜின் ஆடுகிறது) என்று யாராவது காரின் பானெட்டைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் நான்கு பேர் கூடிவிடுவார்கள். அவர்களில் மூன்று பேர் சொல்லும் யோசனை ஒன்றுதான்: “அந்த ஐடிலிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்.” முதன்முதலில் பானா பிடிப்பவர் அதை அப்படியே கேட்டுவிடுகிறார். சத்தம் ஏறுகிறது, குலுக்கல் அடங்கினாற்போல் தெரிகிறது, எல்லோரும் கலைந்து போகிறார்கள். இரண்டு வாரம் கழித்து அதே வண்டி, அதே குலுக்கல், கூடவே அதிகப் பெட்ரோல் செலவு.

பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வைத்த காரில் அந்த ஸ்க்ரூ ஐடிலிங் வைப்பதற்கானது அல்ல. இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் திராட்டில் தகடு, மூடும்போது சுவரில் இடித்துச் சிக்காமல் இருக்க, தொழிற்சாலையில் ஒருமுறை வைத்து விட்டுவிடும் தடுப்பு அது. அதைத் திருகினால், கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது என்பதே இன்ஜினின் கம்ப்யூட்டருக்குச் சரியாகத் தெரியாமல் போகும். பிறகு உண்மையான கோளாறை நீக்கினாலும் ஐடிலிங் ஏறியே நிற்கும். ஆகவே அந்த ஸ்க்ரூவை மறந்துவிட்டுத் தொடங்குங்கள்.

இங்கே சொல்வது ஏறக்குறைய 2000 முதல் 2012 வரை வந்த, ஆக்சிலரேட்டர் கேபிள் உள்ள, எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் வைத்த) பெட்ரோல் கார்களுக்கு. கார்புரேட்டர் வண்டிக்குத் தனியாகப் பின்னால் சொல்கிறேன். டீசலுக்கு இது பொருந்தாது.

1. முதலில் கேள்வி: குலுங்குவது இன்ஜினா, வண்டியா?

இன்ஜின் ஒழுங்காக ஓடியும் அதைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் கிழிந்திருந்தால் ஸ்டீயரிங், சீட், கண்ணாடி எல்லாம் ஆடும். ஆர்பிஎம் முள் அசையாமல் நின்று வண்டி மட்டும் ஆடினால் முதல் சந்தேகம் மவுன்ட் மீதுதான். முள் இல்லாத வண்டியில் சைலன்சர் வாயருகே காதை வைத்துக் கேளுங்கள். ஒரே சீராக ‘புடுபுடு’ என்று வந்தால் இன்ஜின் நலம். நடுநடுவே ஒரு துடிப்பு விடுபட்டால் மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் எரியத் தவறுகிறது.

மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகள் இயல்பாகவே கொஞ்சம் ஆடும். அதை நான்கு சிலிண்டர் காருடன் ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

2. இடம், நேரம், சாமான்கள்

வடசென்னையில் கார் நிறுத்தவே இடமில்லை, கராஜுக்கு எங்கே போவது? வேலை தெருவில்தான். தண்ணீர் லாரி வருவதற்கு முன், ஞாயிறு விடியற்காலை எனக்கு வசதி. இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

இருபுறமும் சுவர் நெருங்கிய சந்திலோ, மூடிய கார் நிறுத்தத்திலோ இன்ஜினை ஓட விட்டுச் சோதிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. மேல்மாடி ஜன்னலுக்குக் கீழே புகைக்குழாய் இருந்தால் வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள்.

வேண்டியவை: 10, 12 மி.மீ. பானாக்கள், பிளக் சாக்கெட் (பழைய வண்டிகளில் பெரும்பாலும் 21 மி.மீ., சிலவற்றில் 16), ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் தகடுகள்), சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், திராட்டில் பாடி கிளீனர் ஒரு கேன், பஞ்சு உதிராத துணி, பழைய பல்துலக்கி, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், நோட்டும் பேனாவும். உதிரிபாகம் எதையும் இப்போதே வாங்காதீர்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ புதுப்பேட்டைக்கோ போவது, எது கெட்டது என்று தெரிந்த பிறகு.

கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் மேலே, பின் சக்கரத்துக்கு இருபுறமும் செங்கல். லுங்கி கட்டிக்கொண்டு, தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஓடும் இன்ஜின்மீது குனியாதீர்கள். ரேடியேட்டர் மின்விசிறி சொல்லிக்கொண்டு சுற்றாது.

3. எப்போது குலுங்குகிறது என்று எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இரண்டு நாள் ஓட்டி, நான்கு கேள்விக்கு விடை எழுதினால் பாதி வேலை முடிந்துவிடும்.

காலையில் ஆறிய இன்ஜினில் மட்டுமா? அப்படியானால் ஐடில் வால்வு (ஐடிலிங்குக்கான காற்றைக் கூட்டிக் குறைப்பது), வெப்ப உணரி, காற்றுக் கசிவு. சூடேறிய பிறகு மட்டுமா? இக்னிஷன் காயில் (பிளக்குக்கு மின்சாரம் ஏற்றித் தருவது), குறைந்துபோன டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ளது). ஏசி போட்டால் மட்டுமா? அழுக்கடைந்த திராட்டில், அல்லது சோர்ந்த ஐடில் வால்வு. மழை பெய்த மறுநாள் மட்டுமா? பிளக் வயர்.

பிறகு ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரே மாலையில் பிளக், ஃபில்டர், வயர் மூன்றையும் மாற்றி, திராட்டிலையும் கழுவினார். குலுக்கல் இன்னும் மோசமானது. கெடுத்தது எது என்று கண்டுபிடிக்க அடுத்த இரண்டு ஞாயிறு போயிற்று. (புதிய வயர்களில் இரண்டு இடம் மாறியிருந்தன.)

4. பேட்டரி, எர்த், எலி

இன்ஜின் அணைந்து சில மணி நேரம் ஆனபின் பேட்டரியில் 12.6 வோல்ட் அருகே காட்ட வேண்டும். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. அதற்குக் கீழே இருந்தால் இன்ஜெக்டர் திறப்பதும் காயில் ஏறுவதும் தடுமாறும். மற்ற சோதனைகளெல்லாம் பொய் சொல்லும். அதனால்தான் இது முதலில் வருகிறது.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் நிற்கும் வண்டிகளில் எர்த் வயரைத் தனியாகப் பாருங்கள். உப்புக்காற்று அந்தப் போல்ட்டின் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. பேட்டரி நெகட்டிவ்விலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜினுக்கும் போகும் இணைப்புகளை, பேட்டரி டெர்மினலைக் கழற்றிய பின், அவிழ்த்து உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

அடுத்து எலி. சாக்கடை ஓரம் நிற்கும் எந்த வண்டியிலும் எலியை விலக்கி வைத்துவிட்டுக் கோளாறு தேட முடியாது. சென்சார் வயர்களையும் மெல்லிய வேக்குவம் ஹோஸ்களையும் டார்ச் அடித்து, கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம்தான் கடித்திருக்கும்.

5. ஒரு சிலிண்டரா, எல்லாமா?

இதுதான் கிளைவழி. இங்கே கிடைக்கும் விடையைப் பொறுத்து அடுத்து எங்கே போவது என்பது தீர்மானமாகிறது.

இன்ஜின் சூடாகி ஓடும்போது, ஒரு இன்ஜெக்டரின் மின்இணைப்பைக் கழற்றுங்கள். ஆர்பிஎம் சட்டென்று விழுந்து குலுக்கல் கூடினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது. மறுபடி மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எதைக் கழற்றியும் மாற்றமே இல்லையோ அந்தச் சிலிண்டர்தான் சோம்பேறி. இணைப்பைப் பிடித்திருக்கும் கம்பி கிளிப் தெறித்து விழும். அடியில் ஒரு துணியை விரித்துவையுங்கள்.

பழைய மெக்கானிக்குகள் ஓடும் இன்ஜினில் பிளக் வயரையே பிடுங்கிப் பார்ப்பார்கள். நீங்கள் வேண்டாம். அதில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட். வெளியேற வழியில்லாமல் காயிலும் கெடும். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சுட்டுவிடும். இன்ஜெக்டரின் மின்இணைப்பைக் கழற்றினால் அந்தச் சிலிண்டருக்கு வெறும் காற்றுதான் போகும், ஆபத்தில்லை.

இன்ஜெக்டர் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால், இன்ஜினை அணைத்துவிட்டு அந்த மின்இணைப்பைக் கழற்றி, பிறகு ஸ்டார்ட் செய்து ஒப்பிடுங்கள். செக் லைட் எரியும், பயப்பட வேண்டாம், பிறகு அழித்துவிடலாம்.

ஒரு சிலிண்டர் மட்டும் என்றால் நேராக 8ஆம் படிக்குப் போங்கள். எல்லாம் சமமாகச் சோர்ந்திருந்தால் காற்றுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம், வரிசையாகவே வாருங்கள்.

6. காற்றுக் கசிவு

கம்ப்யூட்டர் கணக்குப் போடுவது ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்று, எடையில். ஐடிலிங்கில் திராட்டில் மூடியிருப்பதால் உள்ளே போகும் காற்று மிகக் குறைவு. அந்த நேரத்தில் ஒரு ஹோஸ் வெடிப்பின் வழியே நுழையும் கொஞ்சம் காற்றுகூடக் கணக்கைக் கலைத்துவிடும். ரேஸ் கொடுத்தால் குலுக்கல் மறைவதும் இதனால்தான்: மொத்தக் காற்று கூடும்போது கசிவின் பங்கு ஒன்றுமில்லாமல் போகிறது.

முதலில் ஏர் ஃபில்டர். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் தினமும் போகிறவர், கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருக்கக் கூடாது. ஃபில்டரை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். கம்ப்ரஸர் காற்று அடித்து மறுபடி போடுவது எனக்கு உடன்பாடில்லை. தாள் கிழிந்துவிட்டால் மணல் நேராக இன்ஜினுக்குள் போகும்.

பிறகு ஃபில்டர் பெட்டியிலிருந்து திராட்டில் வரை போகும் ரப்பர் குழாய். அதன் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். கிளிப்பை இறுக்குங்கள்.

அதற்குப் பின் வேக்குவம் ஹோஸ்கள்: பிரேக் பூஸ்டருக்குப் போவது, பிசிவி வால்வுக்குப் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி உள்ளிழுக்க விடுவது) போவது, அழுத்த உணரிக்குப் போகும் மெல்லியது, பெட்ரோல் ஆவிக்குப்பிக்குப் போவது. இன்ஜின் ஓடும்போது ஒவ்வொன்றையும் துணி சுற்றிய இடுக்கியால் மெல்ல நெரியுங்கள். ஒன்றை நெரித்ததும் ஐடிலிங் சீரானால், கசிவு அந்த ஹோஸிலோ அது போய்ச் சேரும் பாகத்திலோ இருக்கிறது. அழுத்த உணரி ஹோஸை மட்டும் நெரிக்காதீர்கள். அதை நெரித்தால் இன்ஜின் தானாகவே தடுமாறும், நீங்கள் தவறான முடிவுக்கு வருவீர்கள்.

இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைச் சோதிக்க, பலர் கார்புரேட்டர் கிளீனரை ஓடும் இன்ஜின்மீது பீய்ச்சுவார்கள். அது வேலை செய்யும், தீயும் பிடிக்கும். ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பவர்களும் உண்டு. பெட்ரோல் கசிவு இருக்கக்கூடிய இடத்தில் நெருப்புக் கங்குடன் குனிவதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. நான் பயன்படுத்துவது வெறும் தண்ணீர். பாட்டிலால் இணைப்புக் கோட்டில் மட்டும் மெல்லத் தெளித்தால், கசியும் இடத்தைத் தண்ணீர் ஒரு நொடி அடைக்கும், ஐடிலிங் மாறும். மின்இணைப்புகள்மீது தெளிக்காதீர்கள்.

பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள். ‘கடகட’ என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் எண்ணெய்ப் பிசின் ஒட்டியிருக்கிறது, கழுவுங்கள் அல்லது மாற்றுங்கள்.

7. திராட்டில் பாடியும் ஐடில் வால்வும்

கசிவைத் தேடி முடித்தபின்தான் இது. காரணம், கழுவியபின் கம்ப்யூட்டர் புதிதாகப் பழக வேண்டும். கசிவு இருக்கும்போது பழகினால் தவறாகப் பழகும்.

இன்ஜினை அணைத்து, பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றி, ரப்பர் குழாயை எடுங்கள். தகட்டின் விளிம்பிலும் அது உட்காரும் சுவரிலும் கருப்பு வளையம் தெரியும். ஐடிலிங்குக்குக் காற்று போகும் நூலிழை இடைவெளியை அடைப்பது அதுதான். கிளீனரைத் துணியிலும் பல்துலக்கியிலும் நனைத்துத் தேயுங்கள். நேராகப் பீய்ச்சினால் தண்டின் வழியே திராட்டில் சென்சாருக்குள் இறங்கிவிடும். கையால் தகட்டைத் திறக்க வேண்டாம், கேபிளை இழுத்துத் திறக்கலாம். கேபிளே இல்லாமல் மோட்டார் வைத்த திராட்டிலாக இருந்தால் தகட்டை விரலால் தள்ளவே கூடாது. உள்ளே உள்ள பற்சக்கரம் உடையும்.

ஐடில் வால்வு திராட்டில் பாடியின் பக்கவாட்டில் இரண்டு அல்லது மூன்று ஸ்க்ரூக்களில் இருக்கும். பழைய ஸ்க்ரூக்களின் தலை எளிதில் தேய்ந்துபோகும். சரியான அளவு ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்துத் திருகுங்கள். கழற்றியதும் முனைக் கூம்பையும் அது உட்காரும் துளையையும் துடையுங்கள். கூம்பைக் கையால் இழுக்கவோ அழுத்தவோ கூடாது. ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் நீங்களே ஒரு புதிய காற்றுக் கசிவை உண்டாக்கியவர் ஆவீர்கள்.

8. பிளக்கும் வயரும்

வயர்களில் 1, 2, 3 என்று டேப் ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் ரப்பர் தொப்பியைப் பிடித்துச் சற்றே திருப்பி இழுங்கள். பிளக்கைக் கழற்றும் முன் குழியில் உள்ள மணலை ஊதி எடுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். சூடான இன்ஜினில் கழற்ற வேண்டாம். அலுமினிய ஹெட்டின் மரை பிளக்கோடு சேர்ந்து வந்துவிடும்.

கழற்றியவற்றை வரிசையாகச் செய்தித்தாளில் வையுங்கள். முனை இளம்பழுப்பு என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம், 6ஆம் படிக்குத் திரும்புங்கள். எண்ணெய் ஈரம் என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல். மூன்று ஒரே நிறத்திலும் ஒன்று மட்டும் வேறாகவும் இருந்தால், 5ஆம் படியில் அகப்பட்ட சிலிண்டர் அதுதானா என்று ஒப்பிடுங்கள்.

முனை இடைவெளியைக் கையேட்டில் பாருங்கள். கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்குப் பெரும்பாலும் 0.7 - 0.8 மி.மீ., எம்பிஎஃப்ஐ பலவற்றுக்கு 1.0 - 1.1 மி.மீ. பெட்டியிலிருந்து எடுத்த புதிய பிளக்கையும் ஃபீலர் கேஜில் பார்த்துத்தான் போட வேண்டும். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். கை மறுத்தால் மரை கோணலாக ஏறுகிறது, எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். பானாவால் வற்புறுத்தினால் ஹெட்டைக் கழற்றும் செலவு வரும்.

வயர்களுக்கு இருட்டுச் சோதனை. தெருவிளக்கு எட்டாத இடத்தில் இரவு இன்ஜினை ஓடவிட்டு, தள்ளி நின்று வயர்கள்மீது பனிபோல் தண்ணீர் தெளியுங்கள். நீலப் பொறி ஓடும் இடத்தில் வயர் வெடித்திருக்கிறது. மழைக்கு மறுநாள் மட்டும் குலுங்கும் வண்டிக்கு இதுவே மருந்து.

பிளக்கும் வயரும் சரியாக இருந்தும் அதே சிலிண்டர் சோம்பினால், அதன் பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக்தான். காயில் தனித்தனியாக உள்ள வண்டியில் அதையும் இப்படியே மாற்றிப் பார்க்கலாம். காசு கொடுத்து வாங்காமல் உறுதி செய்ய இதைவிட நல்ல வழி இல்லை.

9. காணாமல்போன தெர்மோஸ்டாட்

சென்னையின் சூட்டுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று சொல்லி அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. என் வண்டியில் யார், எப்போது எடுத்தார்கள் என்று எனக்கே தெரியாது. வாங்கும்போதே இல்லை. இன்ஜின் உரிய வெப்பத்தை அடையாததால், ‘இன்னும் ஆறியே இருக்கிறது’ என்று எண்ணி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருந்தது. மூன்று பிளக்கும் கரி. நான் அவற்றைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அரைமணி நேரம் ஓட்டியும் வெப்ப முள் அடியிலேயே கிடந்தால் இதைச் சந்தேகியுங்கள். முள் சரியாக இருந்தும் பிளக் கரி பிடித்தால் வெப்ப உணரியை மீட்டரில் அளந்து பாருங்கள். பல வண்டிகளில் ஆறிய நிலையில் சுமார் 2 கிலோ ஓம், சூடேறியபின் சில நூறு ஓம் இருக்கும். மாறாமல் ஒரே எண் காட்டினால் உணரி செத்துவிட்டது. சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

10. பெட்ரோல்

கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம், இங்கேதான் தீ ஆபத்து அதிகம், வீட்டில் செய்யக்கூடியது குறைவு. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டர்மீதும் கைப்பிடியைக் காதிலும் வைத்தால் ‘டிக் டிக்’ கேட்கும். ஒன்று மட்டும் மௌனமாக இருந்தால் அணைத்துவிட்டு மின்தடையைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 12 முதல் 16 ஓம்.

பெட்ரோல் ஃபில்டரை மாற்றும் முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்கள் கெட்டியாகி வெடிக்கலாம், முனைகளை வளைத்துப் பாருங்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும். டாங்க் மூடி சரியாக மூடாத வண்டி டிசம்பர் மழையில் வாரக்கணக்கில் நின்றிருந்தால், கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் டாங்க்கைக் காலி செய்ய வேண்டியதுதான்.

11. மீண்டும் பழக்குதல்

எல்லாவற்றையும் மாட்டியபின் பேட்டரி நெகட்டிவ்வைக் கால்மணி நேரம் கழற்றி வைத்து மாட்டுங்கள். (ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் இருந்தால் முன்பே தேடி வையுங்கள்.) ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, மின்விசிறி ஒருமுறை சுற்றி நிற்கும் வரை ஓடவிடுங்கள். பிறகு ஏசி போட்டு ஐந்து நிமிடம், விளக்கைப் போட்டு ஐந்து நிமிடம். முதல் சில நிமிடம் ஆர்பிஎம் ஏறி இறங்கும். அதைப் பார்த்துப் பதறி ஸ்க்ரூவைத் தொடுகிறவர்கள் நிறைய.

சூடானபின், ஏசி இல்லாமல், பெரும்பாலான வண்டிகள் 700 முதல் 950 ஆர்பிஎம்முக்குள் நிற்கும். பிறகு ஒரு நாள் நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். பேசின் பிரிட்ஜ் பக்கம் மாலை ஆறரை மணிக்குப் போனால் போதும், வேறு சோதனையே வேண்டாம்.

12. கார்புரேட்டர் வண்டிக்கு

1 முதல் 6 வரையும் 8ஆம் படியும் உங்களுக்கும் உண்டு. 5இல் மட்டும் மாற்றம்: இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதில் ஒரு பழைய பிளக்கை மாட்டி அதன் உலோக உடலை இன்ஜினோடு எர்த் ஆகும்படி கிளிப் போட்டு வைத்து, அதன்பின் ஸ்டார்ட் செய்து சில நொடிகள் மட்டும் பாருங்கள். எல்லாம் சரியான பிறகே ஸ்க்ரூ. உங்களுக்கு அது உண்மையிலேயே ஐடிலிங் ஸ்க்ரூதான். சூடான இன்ஜினில் கலவை ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, ஆர்பிஎம் அதிகபட்சம் போகும் இடத்தில் நிறுத்தி, பிறகு வேக ஸ்க்ரூவால் இறக்குங்கள். தொடங்கும் முன் ஸ்க்ரூ முழுதும் மூட எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள், திரும்பி வர வழி வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலில் கலவை தானாகவே மெலிந்துவிடுவதால், முன்பு இருந்ததைவிடச் சற்றே பெட்ரோல் கூட்டி வைக்க நேரலாம்.

13. எங்கே நிறுத்துவது

இத்தனைக்கும் பிறகு ஒரு சிலிண்டர் அசையவில்லை என்றால், சைலன்சர் வாயிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி ஒரு காகிதத் துண்டைத் தொங்கவிடுங்கள். வெளியே மட்டும் படபடத்தால் சரி. அவ்வப்போது உள்ளே இழுபட்டால் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்கக்கூடும். எல்பிஜி கிட் போட்டு நெடுநாள் ஓடிய வண்டிகளில் வால்வு உட்கார்ந்துபோய் டேப்பெட் இடைவெளி மறைவது வழக்கம்.

இதற்கு மேல் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளப்பது) வேண்டும், அனுபவமுள்ள கையும் வேண்டும். பட்டறைக்குப் போகும்போது “டியூனிங் செய்யுங்கள்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “இரண்டாவது சிலிண்டர் வேலை செய்யவில்லை. பிளக்கை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன், இன்ஜெக்டர் 14 ஓம் காட்டுகிறது, கம்ப்ரஷன் மட்டும் பார்த்து மூன்று எண்ணையும் எழுதிக் கொடுங்கள்” என்று சொல்லி, அந்த நோட்டை நீட்டுங்கள்.